அண்ணாச்சி பதில்கள்: காய்ச்சல் போச்சு, கிருமி?

கருப்பட்டி வியாபாரி, உடன்குடி

கே: சென்னைக்குப் போய்வந்த மருமகனுக்கு மலேரியா. மூணே நாளில் காய்ச்சல் விட்டுட்டு. ஆனா 14 நாள் மாத்திரை கொடுத்திருக்காங்க. மிச்சம் எதுக்கு அண்ணாச்சி?

ப: மருமகனுக்கு வந்தது வைவாக்ஸ் வகை போலிருக்கிறது. மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு. 14 நாள் பிரைமாகுயின் கல்லீரலில் உறங்கும் கிருமிக்கு. பாதியில் நிறுத்தினால், சில வாரமோ சில மாதமோ கழித்து அது விழித்துக்கொள்ளும். புதிதாகக் கொசு கடிக்காமலே திரும்பக் காய்ச்சல் வரும். மருமகனை நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடலாம். கிருமியை அனுப்ப 14 நாள் வேண்டும்.

கல்லூரி மாணவி, திருச்செந்தூர்

கே: காய்ச்சல் விட்டவரிடமிருந்தும் பரவுமா?

ப: பரவும். காய்ச்சல் தருவது சிவப்பணுவுக்குள் பெருகும் கிருமி. கொசுவின் வயிற்றில் போய்க் கல்யாணம் கட்டுவது அதன் ஆண், பெண் வடிவங்கள். ஃபால்சிபாரம் வகையில் இவை முதிரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். காய்ச்சலை விரட்டும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து, முதிர்ந்துவிட்ட இவற்றை அவ்வளவாக அசைக்காது. அதற்குத்தான் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின். அது உங்களுக்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்காக! வைவாக்ஸோ இன்னும் அவசரக்காரன். பரவும் வடிவம் சீக்கிரமே ரத்தத்துக்கு வந்துவிடும். தாமதமாக மருந்து எடுத்தால் கொசு முந்திக்கொள்ளும்.

பனையேறும் தொழிலாளி, பரமன்குறிச்சி

கே: கருப்பட்டிக் காப்பியும் நிலவேம்புக் கசாயமும் போதாதா?

ப: காப்பி தெம்புக்கு நல்லது. கசாயத்தை நம்பி நாளைக் கடத்தினால் ஃபால்சிபாரம் மூளையைத் தாக்கிவிடும். மூலிகையை நான் மட்டம் தட்டவில்லை. ஆர்ட்டிமிசினினே ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். அதற்காக தூ யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு. ஆனால் அவர் கஷாயம் வைத்துக் கொடுக்கவில்லை. மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, சோதித்து, அளவு சொல்லிக் கொடுத்தார்.

மருந்துக்கடை ஊழியர், சாத்தான்குளம்

கே: மருந்து வேலை செய்கிறதென்று எப்படித் தெரியும்?

ப: விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, சாயம், நுண்ணோக்கி. கிருமியை எண்ணிப் பார்ப்பார்கள். 48 மணி நேரத்தில் ஆர்ட்டிமிசினின் அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மேற்குக் கம்போடியாவில் இந்த வேகம் மந்தமானதால்தான் உலகமே பதறியது. மூன்றாம் நாளும் தகட்டில் கிருமி தெரிந்தால் அது எச்சரிக்கை. கிருமி மருந்துக்குப் பழகிவிடக் கூடாது என்றுதான் இந்த மருந்தைத் தனியே தராமல் துணை மருந்தோடு தருகிறார்கள்.

இல்லத்தரசி, மெஞ்ஞானபுரம்

கே: அக்கா வீட்டில் பிரைமாகுயின் மிச்சம் இருக்கு. வாங்கிப் போட்டுக்கலாமா?

ப: சீனி கடன் வாங்கலாம், மாத்திரை வேண்டாம்! கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உடன்குடி

கே: அனல்மின் நிலைய வேலைக்கு வரும் வெளிமாநிலத்தாரால்தானே மலேரியா?

ப: கொசு ஆதார் அட்டை பார்ப்பதில்லை. வந்தவருக்குக் காய்ச்சலென்றால் அன்றே ரத்தம் பார்த்து முழு மருந்தும் கொடுத்துவிட்டால் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அவரைத் திட்டுவதைவிட நம் மொட்டைமாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடுங்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மீனவர், மணப்பாடு

கே: கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஒழிச்சாச்சாமே?

ப: ஆமாம். 1963-இல் வெறும் 17 பேர் என்ற நிலைக்கு வந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்தது, சில வருடத்தில் லட்சக்கணக்கானோருக்குத் திரும்பியது. மறுபடி பாடுபட்டு 2012-இல் உள்ளூர்த் தொற்றை நிறுத்தி, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கினார்கள். நமது இலக்கு 2030. குளிர்காய்ச்சல் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுங்கள். கொடுத்த மாத்திரையைக் கடைசி வரை விழுங்குங்கள்.