சக்கரப் புணரியல்

ஒரு சொல்லோடு இன்னொரு சொல் வந்து சேரும்போது என்னென்ன நேரும் என்பதை நம் இலக்கணிகள் தனி இயல் போட்டு எழுதி வைத்தார்கள். ஒரு ஜீப்போடு அதற்கு அளவில்லாத டயர் வந்து சேரும்போது என்ன நேரும் என்பதற்கு மட்டும் இன்றுவரை நூற்பா இல்லை. அந்த அறிவு பட்டறைகளில் வாய்மொழியாகவும், சில வேளை வசைமொழியாகவும் வழங்கிவருகிறது. அக்குறையை நீக்கும் முதல் முயற்சி இது.

நிலைமொழி: மாருதி ஜிப்ஸி. 1985 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்தது. நான்கு சக்கரத்துக்கும் கமான் பட்டை. தனிச் சேசிஸ், அதன்மேல் தனிப் பாடி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி கட்டுரையாளருக்குச் சொந்தமானது. போடிநாயக்கனூரில் ஒரு வீட்டு வாசலை முக்கால் பங்கு அடைத்துக்கொண்டு நிற்பது. அதன் டயர் 205/70 ஆர் 15. வருமொழி: 235/75 ஆர் 15. இரண்டையும் எழுத்தெண்ணிப் படித்தால், பழையதன் உயரம் 668 மில்லிமீட்டர், புதியதன் உயரம் 733.5 மில்லிமீட்டர். வேறுபாடு 65.5. ஆனால் சக்கரத்தின் நடுவில்தான் ஆக்ஸில் இருக்கிறது. ஆகவே வண்டிக்குக் கிடைப்பது அதில் பாதி: ஏறத்தாழ 33 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இத்தனை சர்ச்சை.

பெரிய டயர் எதற்கு என்ற வினாவை அம்மா எழுப்பினார். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

டயர் இடிக்காமல் உட்கார்ந்தால் அது இயல்புப் புணர்ச்சி. அப்படி உட்காராது. எனவே விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று வகைப்படும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வண்டியைத் தூக்கும் முறைகள் அத்தனையும் இம்மூன்றுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டபோது கட்டுரையாளருக்கு ஏற்பட்ட புளகாங்கிதத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

தோன்றலில் முதலாவது பாடி லிஃப்ட். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உருளைக் கட்டைகளைச் செருகி, போல்ட்டை நீளமாக்கிப் பூட்டுவது. இந்தக் கட்டை சாரியையே அன்றி வேறன்று: தனக்கென்று பொருள் இல்லை, இடையில் நிற்பதே அதன் பிழைப்பு. பாடி எழும்; சேசிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். விளைவாக ஸ்டியரிங் தண்டு இழுபடும், கியர் லீவர் குட்டையாகும், ரேடியேட்டர் ஒரு மட்டத்திலும் விசிறி ஒரு மட்டத்திலும் நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் போல் சேசிஸ் தெரியும். இதை இழிவாகப் பேசுவோர் உளர். அவர்கள் கூற்று ஏற்கத்தக்கதன்று; காரணம் பின்னர்.

இரண்டாவது, ஷாக்கிளை நீட்டுவது. செலவு குறைவு, ஆகவே புகழ் அதிகம். கமானின் ஒரு முனையைத்தான் ஷாக்கிள் பிடித்திருக்கிறது, ஆக்ஸிலோ நடுவில். ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் எழும். மீதி ஆக்ஸிலைத் திருப்பிவிடுவதில் கழியும். முன் ஆக்ஸில் திரும்பினால் ஸ்டியரிங் தன் நேர்மையை இழக்கும்.

மூன்றாவது, கமானில் ஒரு பட்டை கூட்டுவது. எங்கள் ஊரில் இதற்குப் பழைய மரபு உண்டு. போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் பட்டை கூட்டுவது உயரத்துக்காக அல்ல, பாரத்துக்காக. காலையில் நிறைந்து போகும்போது சொகுசாகப் போகும். ஆள் இறக்கிவிட்டு வெறுமனே ஓடினால் ஓட்டுநரின் தலை கூரையோடு புணரும்.

திரிதல் என்றால், தேய்ந்து தட்டையான பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைத்துக் கொடுப்பது. கமான் பட்டறையில் அரைநாள் வேலை. பல் பற்பொடியில் பற் ஆவதுபோல் மாற்றம் சிறிது, பயன் நிறைவு. இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. எனவே ஆய்வாளருக்கும் இதில் வேலை இல்லை.

சண்டையெல்லாம் அடுத்ததில். ஜிப்ஸியில் கமான், ஆக்ஸிலுக்குக் கீழே தொங்குகிறது. அதைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே உட்கார வைத்தால், ஆக்ஸில் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து வண்டி சுமார் 5 அங்குலம் எழுந்துவிடும். வாங்கவேண்டிய புதுச் சாமான் அதிகமில்லை. கீழிருந்தது மேலே போகிறது, அவ்வளவே. இளைஞர்கள் மயங்கும் இடம் இதுதான். ஆனால் இது பனங்காய். பனையும் காயும் சேர்ந்தால், ஐ கெட்டு, அம் தோன்றி, மகரம் ஙகரமாகத் திரிந்து, மூன்று விகாரமும் ஒரே சொல்லில் நடக்கிறதல்லவா? இங்கும் அதுவே. பழைய தாங்கிகள் கெடும், ஆக்ஸில்மேல் புதியவை பற்றவைப்பில் தோன்றும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் திரியும். பிரேக் ஹோஸ் எட்டாது. ஸ்டியரிங் கம்பி கமானில் இடிக்கும், அதையும் மாற்றவேண்டும். மிதித்து எடுத்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டை பாம்பாக நெளியும். 33 மில்லிமீட்டர் கேட்டவனுக்கு இவ்வளவு.

கெடுதல்: மட்கார்டை வெட்டுவது. மரம் வேரோடு சேர மகரத்தை விட்டுக்கொடுப்பதுபோல் வண்டி ஒரு துண்டுத் தகட்டை விட்டுக்கொடுக்கிறது. எல்லா முறைகளிலும் நேர்மையானது இதுவே. செய்ய மனம் வராததும் இதுவே.

இனி, உண்மையில் எது உயர்கிறது என்ற தத்துவ விசாரம். கமானைத் தூக்கினால் சேசிஸ் உயரும். ஆனால் கல்லில் முதலில் இடிப்பது ஆக்ஸில் நடுவிலுள்ள கிரவுன் உருண்டை. அதை எந்த லிஃப்ட்டும் ஒரு நூல்கூட உயர்த்தாது. டயர் மட்டுமே உயர்த்தும். இன்னொன்று: கமானை எவ்வளவு உயர்த்தினாலும், சக்கரம் பள்ளத்தில் குத்தி ரப்பர் கட்டைவரை ஏறி வரும்போது, அந்தக் கட்டையையும் தாழ்த்தாவிட்டால், டயர் பழைய இடத்துக்கே வந்து மட்கார்டைத் தொடும். அதாவது வாசலில் நிற்கும்போது இடைவெளி, காட்டில் உரசல். பாடி லிஃப்ட் தரும் இடைவெளி அப்படியல்ல, எந்நிலையிலும் இருக்கும். வேட்டி மடித்த பெரியவரை இகழக்கூடாது என்றது இதனால்தான்.

இதைச் சோதிக்கக் களஆய்வு நிகழ்த்தப்பட்டது. நண்பரின் ஜிப்ஸியிலிருந்து பெரிய டயர் மாட்டிய ஸ்டெப்னி ஒன்று கடனாகப் பெறப்பட்டு, இடது முன்பக்கம் பூட்டப்பட்டது. டயர் முழுக்கக் கோலமாவைக் குழைத்துப் பூசி ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்தபோது, பம்பர் முனை, மட்கார்டின் பின்விளிம்பு, உட்புறம் கமான் பட்டை ஆகிய மூன்றிலும் வெள்ளை பட்டது. பிறகு, ஓய்வுபெற்ற அம்மிக்கல்மேல் அந்தச் சக்கரத்தை ஏற்ற, மட்கார்டின் உச்சியிலும் நான்காவது வெள்ளை. கருதுகோள் நிறுவப்பட்டது.

"ஏண்டா, வண்டி ஏன் நொண்டி நிக்குது?" என்றார் அம்மா. கோலமாவு டப்பாவைப் பார்த்தபின் வேறு வினாக்களும் எழுப்பினார்.

பட்டறை மேஸ்திரி வந்து பார்த்தார். "விளிம்பைச் சுத்தியலால உள்ளுக்கு மடிச்சு விட்டுரலாம் சார், பம்பர் முனைய அறுத்துரலாம், கமானை வளைச்சுக்கலாம். மலையில இழுவை செத்துரும், அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். கணக்கும் அதையே சொன்னது. சக்கரம் பத்து விழுக்காடு பெருத்தால் தரையில் இழுக்கும் விசை ஒன்பது விழுக்காடு குறையும். முள் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். 1,298 சிசி எஞ்சினோடு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறவனுக்கு இது சிறிய செய்தியல்ல.

புறனடை ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். பனங்காய்க்கு எத்தனை மாற்றம் என்று எண்ணத் தொடங்கிய கட்டுரையாளர் நான்கோடு நிறுத்திக்கொண்டார்.

பழைய டயரே மறுபடி பூட்டப்பட்டது. கடன் வாங்கிய ஸ்டெப்னி இன்னும் திரும்பவில்லை. நண்பர் போன் செய்யும்போதெல்லாம் ஆய்வு நீடிப்பதாகச் சொல்லப்படுகிறது. மாடிப்படியின் கீழ் சாய்ந்து கிடக்கும் அதன் உட்குழிவில் தெருப்பூனை ஒன்று மதியம் முழுக்கத் தூங்குகிறது. உரசல் இல்லை, இடித்தல் இல்லை. இயல்புப் புணர்ச்சி.