வீட்டோடு ஒரு டூர்

1980களில் எங்கள் குடும்பத்தில் டூர் என்பது பஞ்சாங்கத்தில் தொடங்கும். ஈரோட்டிலிருந்து முதுமலைக்குப் போவது என்று முடிவானதும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து நாள் பார்த்தார். போகும் வழி ஊட்டி, அது மேற்கே இருக்கிறது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். செவ்வாய் ஆகாது. புதன்கிழமை பெரியப்பாவுக்கு மில்லில் லீவு தரமாட்டார்கள். மிஞ்சிய கிழமைகளில் ஒன்றைப் பிடித்து, ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் கழித்துவிட்டு, விடியற்காலையில் கிளம்புவது என்று தீர்ந்தது. அவ்வளவுதான் திட்டம். முதுமலையின் தெப்பக்காட்டில் எங்கே தங்குவது? சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் வனத்துறையில் இருந்தார், அவருக்கு இன்லாண்டு லெட்டர் போட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. வேண்டாம் என்று எழுதாததால் வரச்சொல்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டு மெடடார் வேனில் ஏறினோம்.

இப்போது நான் இருக்கும் டல்லாஸ் பக்கத்து நண்பர்கள் வீட்டு விருந்துகளில் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. முன்பதிவு இல்லை, கூகுள் மேப் இல்லை, என்ன ஒரு சுதந்திரம் என்று முடிப்பேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள், அவர்களிடமும் ஒரு மெடடார் கதை இருக்கும்.

அந்தச் சுதந்திரத்தை என் பிள்ளைகளுக்கும் காட்டிவிட வேண்டும் என்றுதான் 2023இல் ஆர்.வி. எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், கழிவறை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது கிளம்பலாம் என்று விளம்பரத்தில் ஒரு தாடிக்காரர் சொல்கிறார். அந்தத் தாடிக்காரர் முன்பதிவு செய்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

பல பூங்காக்களில் வண்டி நிறுத்தும் தளங்களுக்கான பதிவு, தங்கப்போகும் தேதிக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், மலை மாநிலங்களின் கடிகாரத்தில் காலை 8 மணிக்குத் திறக்கும். எங்களுக்கு அது 9 மணி. 9 மணி ஆகிச் சில நொடிகளில் ஆகஸ்ட் மாதத்துக் கட்டங்கள் எல்லாம் நிறம் மாறிவிடும். அதனால் நான் லேப்டாப்பிலும், மனைவி போனிலும், மூத்தவள் ஐபேடிலும் விரலை ஓங்கியபடி உட்கார்ந்திருந்தோம். ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, ராகுகாலம் முடியறதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்களா?”

பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான். அப்பாவுக்காவது ஒரு கிழமை தவறினால் இன்னொரு கிழமை இருந்தது.

முதல் பட்டியலில் சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், கிராண்ட் டீட்டன், எல்லோஸ்டோன், கிளேசியர் எல்லாம் இருந்தன. பிறகு வண்டியின் அளவைப் பார்த்தோம்: 25 அடி நீளம், 12 அடி உயரம். சயானிலிருந்து கிழக்கே போகும் சுரங்கப்பாதை 1930இல் திறந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி தன் பக்கத்திலேயே ஒதுங்கிப் போக முடியாது, வளைந்த கூரை இடிக்கும். கிளேசியரில் மலையைக் கடக்கும் சாலையின் முக்கியமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. அந்தச் சாலைக்காகத்தான் அந்தப் பூங்காவுக்கே போகிறார்கள். ஆர்ச்சஸுக்குள் நுழைய அந்த ஆண்டு மணி குறித்த தனிச்சீட்டு வேண்டியிருந்தது. இப்படியாக எங்கள் வீடு பெரிதாக இருந்ததால் உலகம் சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கிராண்ட் டீட்டனும் எல்லோஸ்டோனும் மிஞ்சின. குறை சொல்ல முடியாது. எல்லோஸ்டோன் 1872இல் அறிவிக்கப்பட்ட உலகத்தின் முதல் தேசியப் பூங்கா, கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து முதுமலைக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மெடடாரைத் திருப்பிய டிரைவர் அண்ணனிடம் யாரும் வண்டியின் நீளம் கேட்டதாக ஞாபகம் இல்லை. வளைவு எண்ணைப் பலகையில் படித்துச் சத்தமாகச் சொல்வதும் வாந்தி எடுப்பதும்தான் பிள்ளைகளுக்கு வேலை.

வாடகைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. நாள் வாடகை தனி, ஓடும் மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி, தட்டு கரண்டிக்குத் தனி, தலையணை போர்வைக்குத் தனி. ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் ஓடினால் அன்று நல்ல நாள். பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு மட்டும் அப்போது 80 டாலர், குடும்பம் மொத்தத்துக்கும் அது போதுமாக இருந்தது. மனசாரக் கட்டிய பணம் அது ஒன்றுதான்.

அப்புறம் தண்ணீர். ஆர்.வி.யில் சமையலறை, குளியல் கழிவுநீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. இரண்டும் நம் காலடியிலேயே ஊர் ஊராக வரும். நிரம்பியதும் கையுறை மாட்டிக்கொண்டு, குழாயைப் பொருத்தி, நாமே திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு மற்றது; அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். இதை அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “இதுக்கா கண்ணு உன்னை இஞ்சினீரிங் படிக்க வெச்சோம்?” என்றார். முதுமலை டூரில் இந்தப் பிரச்சினைக்கு ஆண்கள் கண்ட தீர்வு ஆற்றங்கரை. பெண்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தது ஆஸ்கார் விருதுதான். அந்த மார்ச்சில் ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்துக்கு விருது கிடைத்தது. தெப்பக்காடு யானைகள் முகாம், பொம்மன், பெள்ளி, குட்டி யானை ரகு. நம்ம ஊர் நம்ம ஊர் என்று பிள்ளைகளை இழுத்து உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். “இங்கதான் அப்பா சின்னப் பையனா இருக்கிறப்ப வந்தேன். சாயந்திரம் யானைக்கெல்லாம் கேப்பைக் களியும் கொள்ளும் உருட்டி ஊட்டுவாங்க. ஏம்மா, ஞாபகம் இருக்கா?”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க பாத்தீங்க. நான் எங்க பாத்தேன்?”

யானைகளுக்கு உணவு உருட்டிய நேரத்தில் எங்களுக்கு உணவு யார் உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வேனின் தலையில் பித்தளை அண்டா, பம்ப் ஸ்டவ், மண்ணெண்ணெய் கேன், அரிசி மூட்டை, ஜமக்காளக் கட்டு எல்லாம் ஏறியிருந்தன. அப்பாவும் வீட்டைத் தூக்கிக்கொண்டுதான் போனார். அதற்கொரு பெயர் வைத்து வாடகை வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். தங்கிய இடத்தின் பின்கட்டில் அம்மாவும் பெரியம்மாவும் ஸ்டவ்வைப் பற்றவைத்தார்கள். காலையில் ஜீப்பில் காட்டுக்குள் போனபோது பொங்கல். சாயந்திரம் முகாமுக்குப் போனபோது ரசம். மான் பார்த்தோம், காட்டெருமை பார்த்தோம், வந்து பசிக்குது என்றோம். யானை பிளிறியதைக் கேட்டதாக அம்மா சொன்னார். ரசம் கொதித்துக்கொண்டிருந்ததால் எழுந்து போக முடியவில்லையாம்.

அன்று ராத்திரி ஆர்.வி.யின் படங்களை அம்மா நிதானமாகப் பார்த்தார். மூன்று பர்னர் அடுப்பு, குட்டி சிங்க், மசாலா டப்பா வைக்கத் தட்டு. “அடுப்பும் கூடவே வருது. அப்ப எனக்கு என்ன கண்ணு டூரு?”

மனைவி சிரித்தாள். “நல்லா கேளுங்கத்தை” என்றாள். எனக்கு அதுவரை அத்தையும் மருமகளும் இரண்டு கட்சி என்றுதான் நினைப்பு.

ஆர்.வி.யை ரத்து செய்ய முடியாது, பாதிப் பணம் போய்விடும். அதனால் அதிகாரம் கைமாறியது. ஓட்டுவது மனைவி; சாதாரண கார் லைசென்ஸே போதும். முன் இருக்கையில் அம்மா. இட்லி மாவு கிடையாது. வண்டியைச் சமமாக நிறுத்துவது, மின்சாரம் பொருத்துவது, தொட்டி இரண்டும், மூன்று வேளைச் சமையல் எல்லாம் நான். கரடி வாசம் பிடித்து வரும் என்பதால் சாப்பாட்டு மிச்சம் எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது, அதுவும் நான்.

ஒன்றே ஒன்று மட்டும் ஆட்சேபம் தெரிவித்துப் பார்த்தேன். ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று இருக்கும் இடம் 2,200 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு லேசில் வேகாது, பழகிய கை இருந்தால் நல்லது என்றேன்.

“குக்கர் எடுத்துக்க. பருப்பு வேகறது சமைக்கறவன் பாடு” என்றார் அம்மா.