மைக் பிடிக்கப் போகும் பேச்சாளருக்குச் சில யோசனைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிள்ளையார் ஊர்வலம், சந்தனக்கூடு, சப்பர பவனி எதுவானாலும் மைக் செட் இல்லாமல் நடக்காது. மைக் வந்துவிட்டால் பேச ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்றால், உள்ளே போகாமல் தலைவராவதற்கான வழிமுறைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைத் தேர்வு செய்ய வேண்டும். திருமயம் வட்டாரம் ராசியானது. அங்கே சிவனும் பெருமாளும் ஒரே குன்றைக் குடைந்து பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். இருவருடைய ஆட்களும் வரும்படிக்காக முட்டிக்கொண்டு, கடைசியில் 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் வந்து பஞ்சாயத்து பேசி, பங்கு பிரித்து, நடுவே சுவர் வைக்கச் சொன்னது கல்வெட்டிலேயே இருக்கிறது. மைக் இல்லாத காலத்திலேயே இவ்வளவு முடிந்திருக்கிறது. உங்களிடம் எட்டு ஹாரன் இருக்கிறது.

அடுத்தது போலீஸிடம் பேசும் முறை. இதற்கு 2018 செப்டம்பர் 15 அன்று, அதே திருமயத்தை அடுத்த மெய்யபுரத்தில் நடந்ததைப் பாடமாக வைக்கலாம். பிள்ளையார் ஊர்வலப் பாதை பற்றித் தகராறு. பா.ஜ.க.வின் அன்றைய தேசியச் செயலாளர் எச். ராஜா, காக்கிச்சட்டைக்காரர்களை லஞ்சப் பேர்வழிகள், இந்து விரோதிகள் என்றார். அவர்கள் ஐகோர்ட்டின் பேரைச் சொன்னதும், ஐகோர்ட்டையும் பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு சொல்லால் அர்ச்சித்தார். யாரோ செல்போனில் பிடித்தார்கள். திருமயம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றமும் தானாக முன்வந்து அவமதிப்பு வழக்கை எடுத்தது.

இங்கிருந்துதான் பேச்சாளர்கள் குறிப்பெடுக்க வேண்டும். வீடியோவில் கைவரிசை காட்டிவிட்டார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அது எடுபடாவிட்டால் நீதிமன்றத்துக்கு நேரில் போய் நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்க வேண்டும். அக்டோபர் 22இல் அவர் கேட்டார், நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மாதத்துச் சங்கதி. கவனியுங்கள், மன்னிப்பு நீதிமன்றத்திடம்தான். ஊர்க்காரர்களிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

ஃபேஸ்புக்கில் எழுதுவதாக இருந்தால் ஓர் 'அட்மின்' அவசியம். அதே ஆண்டு மார்ச்சில், திரிபுராவில் லெனின் சிலை விழுந்த கையோடு, அடுத்தது தமிழ்நாட்டில் பெரியார் சிலை என்று ஒரு பதிவு ராஜாவின் பக்கத்தில் வந்தது. அட்மின் போட்டது என்றார். இரண்டு வாரம் கழித்து நம் ஆலங்குடிப் பக்கம் விடுதி என்ற ஊரில் பெரியார் சிலையின் தலை காணாமல் போனது. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை; நாள்காட்டி மட்டும்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அந்தப் பதிவுக்காக ஆறு மாதச் சிறை விதித்து, மேல்முறையீட்டுக்காக நிறுத்திவைத்தது. அட்மினை நம்பி முழுசாக இறங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கறுப்புச் சட்டைத் தோழர்கள் இதுவரை சிரித்திருப்பீர்கள். உங்களுக்கும் பாடம் உண்டு. பெரியார் 1953இல் பக்கத்துத் திருச்சியில் களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். வழக்குப் போட்டவரை மாஜிஸ்திரேட் முதல் ஐகோர்ட் வரை எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். பொம்மைதானே, பிரதிஷ்டை செய்த விக்கிரகமா என்பது அவர்கள் வாதம். 1958இல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதம் தப்பு என்றது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று வழக்கைத் திரும்ப எடுக்கவில்லை. உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று இருந்துவிடாதீர்கள். 2020இல் கந்த சஷ்டி கவசத்தைக் கிண்டலடித்த 'கறுப்பர் கூட்டம்' யூடியூப்காரர்கள்மீது குண்டர் சட்டமே பாய்ந்தது.

பாதிரியார்களுக்கு இன்னும் கவனம் தேவை. 2021இல் அருமனையில் பேசிக் கைதான ஜார்ஜ் பொன்னையா வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னதன் சாரம் இது: மதத்தைப் பகுத்தறிவாளரோ நையாண்டிக் கலைஞரோ சாடினால் ஒரு கணக்கு, வேறொரு மதத்தின் பிரசாரகர் சாடினால் வேறு கணக்கு. ஆகவே பேசும் முன் நீங்கள் யார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். சிவவாக்கியர் இன்று வந்தால் அவரிடமும் ஆதார் கேட்பார்கள். சம்பந்தர் சமணரைச் சாடிப் பாடியதை வைத்துச் சித்தன்னவாசல்காரர் எவரும் புகார் கொடுக்காதது அவர் பாக்கியம்.

சட்டப் பிரிவுகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். லாகூரில் நபிகளை இழித்த சிறுநூல் ஒன்றின் பதிப்பாளரை 1927இல் ஐகோர்ட் விடுவித்தது. மறைந்த மதத் தலைவரைத் தாக்குவது வேறு, அந்த மதத்தாரைத் தாக்குவது வேறு என்றது. அந்த ஓட்டையை அடைக்க அதே ஆண்டு வந்ததுதான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. பதிப்பாளரை 1929இல் குத்திக் கொன்றார்கள். சட்டத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு இழித்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும் என்று 1957இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இப்போது அதற்குப் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா 299. சமூகப் பிரிவுகளிடையே பகை மூட்டுவதற்கு 196.

என்னைக் கேட்டால் லாகூர் நீதிபதி பிரித்த கோடே சரி. சாமியே இல்லை என்று விடிய விடியப் பேசுங்கள், நான் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். 'அந்தத் தெருக்காரன் கடையில் சாமான் வாங்காதே, அவனுக்கு வீடு கொடுக்காதே' என்று ஆரம்பிக்கும்போது சாமி மேடையை விட்டு இறங்கிவிட்டார். அங்கே அடி விழுவது காட்டுபாவா பள்ளிவாசல் பக்கம் பழக்கடை போட்டிருப்பவர் மேல். ஆனால் உங்களுக்குக் கைதட்டல் வேண்டுமே. அது அந்த வாக்கியத்துக்குத்தான் கிடைக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க இரு தரப்பிலும் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

வழக்கு வந்தால் பதறாதீர்கள். 299க்கும் 196க்கும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்க முடியாது. கோப்பு கோட்டைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆட்சி மாறினால் படுக்கை மாறும்.

கடைசியாக, உங்களோடு கொடி பிடித்து வந்த பையன்கள். முதல் தகவல் அறிக்கையில் அவர்கள் பேரும் ஏறும். பாதிப் பேர் சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ போகப் பணம் கட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனில் இருந்து ஆள் வரும்போதுதான் வழக்கு இருப்பதே அவர்கள் வீட்டுக்குத் தெரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். காபி கொடுங்கள். ஒன்றியப் பொறுப்பு ஒன்று காலியாக இருப்பதாகச் சொல்லுங்கள்.