கணுக்காலுக்கு ஒரு காப்பு

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். யார் கணுக்காலிலாவது கயிறு இருந்தால் அது திருஷ்டிக்காகத்தான். கால்பந்து வீரருக்கோ அதே இடத்தில் ரப்பர் பட்டை. இறுக்கிச் சுற்றி, ஓரிரு நிமிடம் காலை மடக்கி நீட்டி, அவிழ்த்துவிட்டால் சமநிலையும் பாய்ச்சலும் கூடுமாம். ஆய்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்து. கணுக்கால் மடங்கும் அளவு சற்றுக் கூடியதாகச் சிலவற்றில் தெரிகிறது. குதிப்பிலும் ஓட்டத்திலும் ஆய்வுக்கு ஒரு முடிவு. பலன் பொருளாலா நம்பிக்கையாலா என்று அறிய மருந்துச் சோதனையில் வெறும் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். கால் சிவக்க இறுக்கிய பட்டையை எந்த வீரரிடம் மறைப்பது?

வீரருக்கு நம்பிக்கை வந்தாலே போதாதா என்பது அடுத்த வாதம். அப்படியானால் கறுப்புக் கயிறு மலிவு. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக்காலில் நின்று பழகினால் அது குறையும். இவை பல ஆய்வுகளில் உறுதியானவை. ஃபிஃபாவின் '11+' காயத்தடுப்புப் பயிற்சியிலும் ஒற்றைக்கால் நிலை உண்டு: முழுப் பயிற்சியும் சுமார் 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. விற்க ஒன்றும் இல்லாததால் விளம்பரமும் இல்லை. உடனே, காலுக்கு எதுவுமே வேண்டாம் என்று 1948 லண்டன் ஒலிம்பிக்கைக் காட்டி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 என்றுதானே தோற்றது என்று சிலர் கிளம்புவார்கள். அவர்கள் 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா போட்ட 10 கோலையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.