வெண்டைக்காய் மயில்: ஆக்கியோன் பெயர் குறித்த ஒரு விசாரணை

மழலையர் பள்ளிக் கைவினைகளில் பஞ்சு ஒட்டிய ஆடு, பஞ்சு ஒட்டிய மேகம், பஞ்சு ஒட்டிய பொங்கல் நுரை ஆகிய மூன்றும் ஒரே பஞ்சு; அவ்வகை பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ் குச்சி வீடு கட்டடக்கலைத் துறைக்கு உரியது. எஞ்சுவது வெண்டைக்காய் மயில். குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயை வாட்டர் கலரில் தோய்த்துச் சார்ட் பேப்பரில் அழுத்தினால், காய்க்குள் பெரும்பாலும் ஐந்து அறைகள் இருப்பதால் ஐந்திதழ்ப் பூ விழும். பூக்களை வரிசையாக வைத்தால் தோகை. 'பறவைகள் வாரம், எளிய கைவினை' என்கிறது பள்ளி டைரி. யாருக்கு எளிது என்பதில் டைரி மௌனம் சாதிக்கிறது. பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலில் வைத்தது நன்னூல். மயிலின் வலது மூலையிலும் ஒரு பெயர் இருக்கிறது, எல்கேஜி 'பி' பிரிவு என்ற குறிப்போடு. அதை நம்பலாமா?

அகச்சான்று நம்பாதே என்கிறது. குழந்தை ஓவியத்தைப் பருவம் பிரித்து 1947இல் நூல் வெளியிட்ட விக்டர் லோவன்ஃபெல்ட், இரண்டு முதல் நான்கு வயது வரையிலான காலத்தைக் கிறுக்கல் பருவம் என்றார். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் குழந்தை வரையும் மனிதருக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும். மனிதருக்கே உடம்பு தராத கை, மயிலுக்கு மட்டும் வளைந்த கழுத்தும் கொண்டையும் கண்ணுக்கு மையும் தந்திருக்குமா? ஆனால் அந்தக் கழுத்தின் குறுக்கே ஊதா கிரேயானில் ஒரு கோடு ஓடி, தாளை விட்டே இறங்கிப் போகிறது. ஃபிரிட்ஜ் கதவுப் பிரதியையும் பீரோ உட்புறப் பிரதியையும் ஒப்பிட்ட பதிப்பாசிரியர்கள் அனைவரும் அதை இடைச்செருகல் என்று தள்ளினர். மளிகைச் சீட்டின் பின்புறம் உரை எழுதிய பெயர் தெரியாத உரைகாரர் ஒருவரோ ஒருபடி மேலே போய், அது கோடே அன்று, கரையான் அரித்த தடம் என்று பதினோரு காரணம் காட்டி நிறுவுகிறார். பன்னிரண்டாவதைக் கரையான் அரித்துவிட்டது. நம் துணிபு வேறு. அந்த ஊதாக் கோடு ஒன்றே மூலபாடம். மயில்தான் இடைச்செருகல்.

வெண்டைக்காயை அழுத்தியது குழந்தையின் கைதானே என்று தடை எழுப்புவர். அழுத்தியது மெய், அந்தக் கையை இன்னொரு கை பிடித்திருந்ததும் மெய். இங்கே இலக்கணம் உதவுகிறது. கோயிலை அரசன் கட்டினான் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. கல் சுமந்தவர் இயற்றுதற் கருத்தா. டைரியில் எழுதிய மிஸ் முன்னவர். இரவு பத்து மணிக்குக் கத்தரிக்கோல் தேடிய அம்மா (பாடபேதம்: அப்பா, அரிதாகத் தாத்தா) பின்னவர். வெண்டைக்காயால், குழந்தையால் என்று இருவரும் மூன்றாம் வேற்றுமையில், கருவிப் பொருளில் அமர்கின்றனர். இருவரில் குழந்தைக்குத்தான் மறுநாள் கைதட்டல் என்பதால் வெண்டைக்காய்க்கு இழைக்கப்பட்ட அநீதி தனி ஆய்வுக்குரியது.

ஃப்ரோபெலைக் கொண்டுவந்து நிறுத்துவோரும் உண்டு. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்ட அவர், காகித மடிப்பும் பின்னலும் பிஞ்சு விரல்களுக்காகவே வகுத்தார். எனவே இது விரல் பயிற்சி என்பது அவர்கள் வாதம். மறுக்கவில்லை. பயிற்சி நடந்தே இருக்கிறது, விரல் மட்டும் வேறு. அந்த இரவில் குழந்தை தன் முயற்சியால் முழுமையாகச் செய்த கைவினை ஒன்றுதான்: உள்ளங்கையில் காய்ந்த ஃபெவிகாலைக் கிழியாமல் ஒரே ஏடாக உரித்தெடுத்தது. அதற்குப் பொறுமையும் நுண்விரல் இயக்கமும் வேண்டும். எந்தப் பள்ளியும் அதைச் சுவரில் ஒட்டவில்லை.

குழந்தையையே கேட்டுவிட்டால் என்ன என்று சில எளிய மனிதர்கள் வினவலாம். கேட்கப்பட்டது, ஊதாக் கோட்டைச் சுட்டி, 'லாரி' என்று விடை வந்தது. படைத்தவர் வாக்குமூலம் சான்றாகாது என்பது இன்றைய திறனாய்வாளர் துணிபு ஆதலால், கருத்தரங்கம் அதைப் பதிவு செய்யாமல் மயிலின் தொன்மம் குறித்த அடுத்த அமர்வுக்குச் சென்றது.