பனையோலைக்கு வாடகை

சங்கரன்கோவில்காரனுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். கரிசலையும் செவலையும், கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணையும், மழை ஏமாற்றினால் கிரிக்கெட் மைதானமாகிவிடும் குளங்களையும் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடலையும் முருகனையும் தனித்தனியாக நினைக்கத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அறுபதுகளின் கடைசி வரைக்கும் அந்தச் செய்தி எங்கள் தாத்தாவின் காதுக்கு வந்து சேரவில்லை. மாசி பிறந்தால் கூண்டு வண்டியின் அச்சுக்கு மை போடச் சொல்லிவிடுவார். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று ஊர் ஊராக மாடு மூச்சு வாங்கி, தாமிரபரணியில் எல்லோரும் ஒரு முழுக்குப் போட்டு, ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வாழைகளுக்கு நடுவே ஊர்ந்து, உப்புக்காற்று மூக்கில் ஏறும்போது, புறப்பட்டது எந்தக் கிழமை என்பதே பெரியவர்களுக்கு மறந்திருக்கும்.

வழியெல்லாம் கட்டுச்சோறு. புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மிதக்கப் பிசைந்து, வாட்டிய வாழையிலையில் பொதிந்து, வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிய அந்தச் சோறு முதல் நாள் சுமார், இரண்டாம் நாள் அபாரம், மூன்றாம் நாள் மாடுகளே அதைச் சந்தேகத்தோடு பார்க்கும். அதற்குள் திருச்செந்தூர் வந்துவிடும். மடத்துப் பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி, அரிசியும் துவரம்பருப்பும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மாங்காயும் ஒரே பானையில் தள்ளி, பெரியத்தை கூட்டாஞ்சோறு ஆக்குவாள். பானையின் அடியில் பிடித்த காந்தலுக்காக நாங்கள் போட்ட சண்டையில் எத்தனை சட்டைப் பித்தான்கள் மணலில் போயினவோ! கடலில் குளித்து, ஆளுக்கொரு உப்புப் பொம்மையாக நாழிக்கிணற்றுக்கு ஓடி, அலைக்கு எட்டின தூரத்தில் அந்தத் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வியந்து, திரும்பி வந்தால் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி தயாராக இருக்கும். 'சுகமாக வந்து சேர்ந்தோம்' என்று அப்பா வீட்டுக்கு ஒரு கார்டு போடுவார். நாங்கள் ஊர் திரும்பி ஓரிரு நாள் கழித்து அது எங்கள் கைக்கே வரும்.

ராத்திரி பாட்டு. பாட்டு என்று யாரும் அறிவித்ததில்லை. மாமா கஞ்சிராவில் தண்ணீர் தடவித் தட்டிப் பார்ப்பார், அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாய் விரியும், அடுத்த மடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மோர்சிங்கோடு வந்து உட்கார்ந்துகொள்வார். எங்கள் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன் ஆதரித்த, முப்பது வயதைக்கூடத் தாண்டாமல் போய்விட்ட அந்த மனிதரின் காவடிச்சிந்து இல்லாமல் எந்த ராத்திரியும் முடியாது. அவர் பாடியதென்னவோ கழுகுமலை முருகனை. அதைச் செந்தூரில் வந்து பாடினால் இந்த முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரே ஆளுதாம்ல, ஊருக்கொரு வீடு கட்டியிருக்காரு" என்றாள் பெரியத்தை, அடுத்த அடியை விடாமல்.

இத்தனைக்கும் நடுவே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றா கேட்கிறீர்கள்? திருநெல்வேலி டவுன் வரும்போது, கூடப் படிக்கிற பயல்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வண்டிக்குள் படுத்துக்கொள்வேன். சன்னதியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இலங்கை வானொலி கேட்க ஒரு டிரான்சிஸ்டரும், ஓலைக்குப் பதிலாகக் காரை போட்ட, குழல்விளக்கு எரிகிற ஒரு வீடும் கேட்பேன். இரண்டையும் முருகன் கொடுத்தார். வட்டி மட்டும் இப்போது வசூலிக்கிறார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் பெங்களூரில் இருக்கும் என் மகள், மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதியில் 'சாப்பாடும் சங்கீதமும்' என்று சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு எனக்கும் என் மனைவிக்கும் இடம் போட்டிருப்பாளா?

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் 2013-இல் அலைச்சறுக்கும் இசையுமாக ஒரு விழா தொடங்கியபோது, இதெல்லாம் வேலையற்ற பட்டணத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தக் காற்று இவ்வளவு தெற்கே வீசும், அதுவும் என் பெயரில் ரசீதோடு வீசும் என்று நினைக்கவில்லை. விடுதியில் இரண்டு விதமான அறைகள். ஏ.சி. வைத்த காரைக் கட்டடம் விலை குறைவு. பனையோலை வேய்ந்த, சாணம் மெழுகிய, அரிக்கேன் தொங்குகிற குடிசைக்கு வாடகை கூடுதல். மகள் அதைத்தான் எடுத்திருந்தாள். வாசலில் ஒரு பையன் எங்கள் கைப்பேசிகளை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். மன அமைதிக்காம். கார்டு போட இங்கே தபால்பெட்டி உண்டா என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை.

இடம் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. தூரத்தில் மணல் குன்றின் மேல் 1581-இல் எழும்பிய திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே வரிசையாக வள்ளங்கள். பதினாறாம் நூற்றாண்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு வடக்கே திரும்பினால் குலசேகரன்பட்டினம். அங்கே 2024 பிப்ரவரியில் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தசராவுக்குக் காளி வேடம் கட்டி ஆடுகிற ஊரிலிருந்து இனி ராக்கெட் கிளம்பும். நடுவில் நான் அரிக்கேன் திரியைத் தூண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கூடுதல் வாடகைக்கு.

சங்கீதம் எட்டரை முதல் பத்து வரை என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. கிதாரோடு வந்த இளைஞன் காவடிச்சிந்துதான் பாடினான். நன்றாகவே பாடினான், அந்தத் துள்ளல் அவன் குரலில் இருந்தது. என் மனைவி தன்னையறியாமல் கூடச் சேர்ந்து இரண்டடி பாடிவிட, பக்கத்திலிருந்த பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பத்து மணிக்குச் சட்டென்று பாட்டு நின்றது. எங்கள் மாமாவாக இருந்தால் அப்போதுதான் கஞ்சிராவைச் சூடு காட்டிக்கொண்டிருப்பார்.

மறுநாள் மத்தியானம் விசேஷ விருந்து. மண்சட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார்கள். மகுடமாகக் கடைசிச் சட்டியைத் திறந்து, "சங்கரன்கோவில் மட்டன் பிரியாணி" என்றார் விடுதிக்காரர், அது எந்தத் திசையில் இருக்கிற ஊர் என்று எங்களுக்கு விளக்கவும் தொடங்கினார். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கடற்கரைக்கு வந்து, நாற்புறமும் மீன் துள்ள, என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடைப்பதையே சாப்பிட்டேன். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன்.

"நமக்கு எந்த ஊரு தம்பி?"

"சங்கரன்கோவில்தான் அண்ணாச்சி. ரயில்வே பீடர் ரோடு."

தெரு, சொந்தம், சம்பந்தம் எல்லாம் விசாரித்து முடித்தோம். ஆடித்தபசுக்கு ஊருக்கு வருவாய்தானே என்றேன். வாணலியைத் தட்டி வைத்தான்.

"எங்க அண்ணாச்சி, லீவு தர மாட்டேங்காங்க. அந்த வாரம் இங்க 'தபசு ஸ்பெஷல்'னு பேக்கேஜ் போட்டிருக்காங்களாம். மாவிளக்கு, கோலாட்டம், நம்மூரு சாப்பாடு. ஊருக்காரன் ஒருத்தன் இருந்தாத்தான் நெசமா இருக்கும்னு சொல்லுதாங்க."