அடுத்த அறைக்கு அனுமதி கோரி ஒரு மனு

அனுப்புநர்:
வீட்டுக் கணினி வைத்திருப்போர் சார்பில் ஒருவர்
(திரையில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றிருக்கும், வீட்டில் யாரும் அப்படி மதிப்பதில்லை)

பெறுநர்:
உயர்திரு பகிர்வு அமைப்புகள் அதிகாரி அவர்கள்,
விண்டோஸ் நிர்வாகம்,
கண்ட்ரோல் பேனல் பழைய கட்டடம் / செட்டிங்ஸ் புதிய கட்டடம்

பொருள்: ஹால் கணினியிலிருந்து படுக்கையறை மடிக்கணினிக்குக் கல்யாண போட்டோக்கள் செல்ல அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

புது வைஃபையில் சேர்ந்ததும் அதைப் 'பொது' நெட்வொர்க் என்றே எழுதிக்கொள்கிறீர்கள். ரயில் நிலையத்தில் அது சரி. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு நம் கணினி தெரிய வேண்டியதில்லை. சொந்த வீட்டையும், நாமே போய் 'பிரைவேட்' என்று மாற்றும்வரை பிளாட்பாரமாகவே பாவிக்கிறீர்களே, அந்த நடுநிலைமையை மெச்சுகிறோம்.

2009-ல் விண்டோஸ் 7-உடன் ஹோம்குரூப் என்றொரு திட்டம் கொண்டுவந்தீர்கள். வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு. படம், பாட்டு, பிரிண்டர் எல்லாம் அதில் அடக்கம். மக்களுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த திட்டத்தை நீடிக்க விடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. 2018-ல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இப்போது ஒரு ஃபோல்டருக்கு இரண்டு மேசை. 'ஷேரிங்' மேசையில் கையெழுத்து வாங்கியவர் 'செக்யூரிட்டி' மேசைக்கும் போக வேண்டும். எது கறாரோ அதன் பேச்சே செல்லும். இரண்டையும் தாண்டினால் பாஸ்வேர்டு. தினமும் அடிக்கிற நாலு இலக்கப் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமாம், இங்கே செல்லாது. கணக்கு திறந்த அன்று வைத்த பாஸ்வேர்டே வேண்டும். அதை எந்தக் குடும்பத்தில் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

கறாருக்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது பழைய எஸ்எம்பி பகிர்வு முறையின் ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் உங்கள் கறார் வீடுகளில் என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்பத் திரும்ப 'அணுக முடியவில்லை' என்று வந்ததும், கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் வரவழைக்கப்படுகிறார். பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைக்கிறார். 'எவ்ரிஒன்' என்பவருக்கு முழு அதிகாரம் கொடுக்கிறார். காபி குடித்துவிட்டுப் போகிறார். போட்டோ அன்றே போய்ச் சேருகிறது. தம்பியும் போய்விட்டார், எவ்ரிஒன் மட்டும் போவதில்லை. நாளடைவில் பேங்க் பாஸ்புக் ஸ்கேனும் பத்திர நகலும் அதே ஃபோல்டரில் வந்து விழும். கீழ்ப் போர்ஷன் பையனுக்கு வைஃபை பாஸ்வேர்டு எப்போதோ கொடுத்தாயிற்று.

அனுமதி தருவதை எளிதாக்கச் சொல்லவில்லை, அது உங்கள் மரபு. தந்த அனுமதிக்கு 'யாருக்கு, எந்தத் தேதி வரை?' என்றாவது கேளுங்கள். பல மாதம் யாரும் எட்டிப்பார்க்காத பகிர்வு தானே மூடிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்

நகல்: திரு. எவ்ரிஒன் அவர்களுக்கு (தனியாக அனுப்பவில்லை, ஃபோல்டரிலேயே பார்த்துக்கொள்வார்)